பழ ஈயின் பரம்பரை ஏடு

சித்திரை பிறந்துவிட்டால் மாம்பழம் அறுக்காத இல்லம் நம்மிடையே அரிது. மேலே பொன்னிறம், கைக்கு இதமான கனம், மூக்கருகே கொண்டு சென்றாலே நாவூறச் செய்யும் மணம். கத்தியை வைத்து ஒரு கதுப்பை எடுத்ததும் உள்ளே வெண்ணிறப் புழுக்கள் நெளிகின்றன. தட்டைச் சுற்றி ஆவலோடு அமர்ந்திருந்த குழந்தைகள் முகம் சுளித்து எழுகின்றனர். “தோலில் ஓட்டையே இல்லையே, புழு எப்படி உள்ளே போயிற்று?” என்று அவர்களுள் ஒன்று கேட்கிறது. பெரியவர்களாகிய நாம், “பழம் கெட்டுவிட்டது, தூக்கி எறி” என்று சொல்லி அக்கேள்வியையும் பழத்தோடு சேர்த்து எறிந்துவிடுகிறோம்.

ஆனால் அது எறிந்துவிடத் தக்க கேள்வி அன்று. தோலைக் கூர்ந்து நோக்கினால் ஊசிமுனையளவு புள்ளி ஒன்று தென்படும். பழம் மரத்திலிருந்தபோதே பழ ஈ ஒன்று தன் வாலிலுள்ள கூரிய உறுப்பால் தோலைத் துளைத்து, அடியில் முட்டைகளை வைத்துச் சென்ற தடம் அது. முட்டை பொரிந்து புழுவாகிச் சதையைத் தின்று கொழுக்கும். பின்னர் தரையில் குதித்து மண்ணுக்குள் புகுந்து, கோதுமை மணி போன்ற கூட்டுப்புழுவாக உறங்கும்; சிறகு முளைத்ததும் மீண்டும் மரத்தை நாடும். (மாங்கொட்டைக்குள்ளிருந்து கருவண்டாகப் பறப்பது முற்றிலும் வேறொரு பூச்சி. அதன் பழியை ஈயின்மேல் சுமத்த வேண்டாம்.)

நம் நாட்டு மாவையும் கொய்யாவையும் கெடுப்பது கீழ்த்திசைப் பழ ஈ. ஆயினும் இக்கட்டுரையில் நாம் பெரிதும் பேசப்போவது அதன் ஒன்றுவிட்ட சகோதரனாகிய மத்தியதரைக்கடல் பழ ஈயைப் பற்றியே. இந்தியாவில் அது நிலைபெறவில்லை. ஆனால் உலகிலேயே மிக அதிகமாக அஞ்சப்படும் பழப்பூச்சி அதுதான். அதன் பரம்பரை ஏட்டை முழுமையாக வாசித்து, அந்த வாசிப்பைக் கொண்டே அதை அடக்க விஞ்ஞானிகள் முனைந்துள்ளனர்.

வீட்டு ஈயினும் சிறியது

பெயரைக் கேட்டு மத்தியதரைக் கடலோரமே இதன் தாயகம் என்று எண்ணிவிடக் கூடாது. இதன் பிறப்பிடம் சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா. அங்கிருந்து பழக்கூடைகளிலும் கப்பல்களிலும் பயணிகளின் பைகளிலும் ஏறி உலகை வலம்வந்தது. 1842-இல் ஸ்பெயினிலும், 1910-இல் ஹவாய்த் தீவுகளிலும், 1929-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் காணப்பட்டது. ஆரஞ்சு, பீச், அத்தி, காப்பிப் பழம், கொய்யா, மா என்று 250-க்கும் மேற்பட்ட பழ, காய் வகைகளில் முட்டையிட வல்லது. ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் முன்னூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. வெப்பம் மிகுந்த பருவத்தில் முட்டையிலிருந்து ஈயாவதற்கு ஒரு மாதம்கூட வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் உருவத்தில் வீட்டு ஈயினும் சிறியது. சிறகில் மஞ்சள், பழுப்பு, கறுப்புக் கோலங்கள் கொண்டது. பார்ப்பதற்கு அழகானது என்றே சொல்ல வேண்டும்.

ஒரு நாட்டில் இந்த ஈ இருப்பதாகத் தெரிந்தால், அந்நாட்டுப் பழத்தை அயல்நாடுகள் வாங்க மறுக்கின்றன. புழு தின்றது போக மிஞ்சிய பழத்தையும் விற்க முடியாமற்போவதே உழவனுக்கு நேரும் பெரிய இழப்பு. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் கரிபியத் தீவுநாடாகிய தொமினிக்கன் குடியரசில் இந்த ஈ கண்டுபிடிக்கப்பட்டது. 2015 மார்ச்சில் அமெரிக்கா அந்நாட்டின் பல பழங்களுக்கும் காய்களுக்கும் தன் துறைமுகங்களை மூடியது. தோட்டத்துக் கூலியாட்களும், பழம் பொட்டலமிடும் பெண்களும், லாரி ஓட்டுவோரும் அதனால் பட்ட துன்பத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 2017-இல்தான் ஈ ஒழிந்துவிட்டதென்ற அறிவிப்பு வந்தது.

நமக்கும் இவ்வனுபவம் உண்டு. பழ ஈயை முன்னிட்டு 1986-இல் ஜப்பான் இந்திய மாம்பழத்துக்குத் தடை விதித்தது. நீராவி வெப்பத்தால் பழத்தைப் பக்குவப்படுத்தி, உள்ளிருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்லும் முறை ஏற்கப்பட்டு அத்தடை நீங்க 2006 வரை, இருபது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் நம் மாம்பழத்தை நிறுத்திவைத்து, மறு ஆண்டுத் தொடக்கத்தில் மீண்டும் அனுமதித்தது.

மருந்துமழை

ஈயைக் கொல்ல மருந்தடிப்பதுதானே எளிய வழி? அவ்வழியைக் கலிபோர்னியா மாநிலம் நன்றாகவே சோதித்துப் பார்த்தது.

1980-இல் அங்கே சாண்டா கிளாரா பள்ளத்தாக்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலும் மத்தியதரைக்கடல் பழ ஈ தலைகாட்டியது. ஹெலிகாப்டர்களிலிருந்து மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லியைத் தூவ வேண்டும் என்றனர் உழவர்கள். ஊருக்குமேல், வீடுகளுக்குமேல், குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்குமேல் நஞ்சு தெளிப்பதா என்று நகர மக்கள் கொதித்தெழுந்தனர். ஆளுநர் ஜெர்ரி பிரவுன் முதலில் தெளிப்புக்கு இசையவில்லை. கலிபோர்னியப் பழங்கள் அனைத்தையும் மாநில எல்லைக்குள் முடக்கிவிடுவோம் என்று மத்திய அரசு எச்சரித்தபின், 1981 ஜூலையில் அவர் இணங்க நேர்ந்தது. அவ்வமயம் மாநில இளைஞர் பணிப்படையின் தலைவராயிருந்த பி.டி. காலின்ஸ் என்பவர், மருந்து தீங்கற்றது என்று காட்டுவதற்காக, நீர்த்த மாலத்தியான் ஒரு கோப்பையைப் பலர் முன்னிலையில் குடித்தார். அவர் துணிவை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒருவர் ஒருமுறை குடித்துக் காட்டியது, தன் வீட்டுக் கூரைமேல் மருந்து விழக் கேட்ட தாயின் கவலையைத் தீர்த்திருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

1982-இல் ஈ ஒழிந்தது. செலவு ஏறத்தாழ 10 கோடி டாலர். 1989-90-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அது மறுபடியும் காணப்பட, ஹெலிகாப்டர்கள் மீண்டும் கிளம்பின. மக்களின் எதிர்ப்பும் மீண்டும் கிளம்பிற்று. இதற்கிடையே மருந்துக்கே அசையாத ஈக்களும் தோன்றலாயின. ஸ்பெயின் நாட்டு ஆரஞ்சுத் தோட்டங்களில் மாலத்தியானைத் தாங்கிக்கொள்ளும் ஈக்களை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர்.

மலட்டு மாப்பிள்ளைகள்

மருந்தடிக்காமல் பூச்சியை ஒழிக்க மற்றொரு வழியுண்டு. இதைச் சிந்தித்தவர் எட்வர்ட் நிப்ளிங் என்ற அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர். கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு உயிருள்ள சதையைத் தின்னும் புழு ஒன்று அந்நாளில் அமெரிக்க மாட்டுப் பண்ணைகளை வாட்டிக்கொண்டிருந்தது. அதன் ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கிப் பறக்கவிட்டால் என்ன? மலட்டு ஆணோடு கூடிய பெண் முட்டையிடும், அம்முட்டை பொரியாது. இயற்கையாக உள்ள ஆண்களைவிட மலட்டு ஆண்கள் பன்மடங்கு மிகுந்திருக்குமாறு வாரந்தோறும் விட்டுக்கொண்டே வந்தால், தலைமுறைக்குத் தலைமுறை ஈயின் தொகை சுருங்கி அற்றுப்போகும். இந்த எண்ணத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. 1954-இல் குரசோவ் என்னும் தீவில், நிப்ளிங்கும் அவர் துணைவர் ரேமண்ட் புஷ்லண்டும் வகுத்த முறைப்படி ஈக்கள் விடப்பட்டன. அத்தீவிலிருந்து அப்புழு அடியோடு மறைந்தது.

அம்முறை பழ ஈக்கும் பொருந்தியது. மெக்சிகோ நாடு 1970-களின் இறுதியில் தன் தென்கோடியில் மெத்தபா என்ற ஊரில் ஈத் தொழிற்சாலை ஒன்றை நிறுவி, 1982-இல் மத்தியதரைக்கடல் பழ ஈயைத் தன் மண்ணிலிருந்து விரட்டியது. சிலி நாடு 1995-இல் விடுதலை பெற்றது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகள், பாகல், பூசணி, வெள்ளரிகளைக் கெடுக்கும் வேறோர் இனமான பூசணி ஈயிடமிருந்து 1993-இல் இவ்வாறே மீண்டன. லாஸ் ஏஞ்சல்ஸில் 1996 முதல் ஈ வந்தபின் துரத்துவதை விடுத்து, வருமுன் காப்பதாக மலட்டு ஈக்களை விமானத்திலிருந்து இடைவிடாது விட்டு வருகின்றனர்.

இத்தொழிற்சாலைகளின் நடைமுறை வியப்பூட்டுவது. குவாத்தமாலா நாட்டின் எல் பினோ ஆலை வாரத்துக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட மலட்டு ஈக்களை உண்டாக்கும் திறன் உடையது. தவிடும் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த களியில் புழுக்கள் வளர்கின்றன. சிறகு முளைப்பதற்கு இரண்டொரு நாள் முன்பு கூட்டுப்புழுக்களின்மேல் காமாக் கதிர் பாய்ச்சப்படுகிறது. அவற்றின்மேல் ஒளிரும் சாயப்பொடியும் பூசப்படுகிறது. பொறியில் ஓர் ஈ பிற்பாடு சிக்கினால், தலையில் ஒட்டியிருக்கும் அச்சாயத்தைக் கொண்டு இது நாம் விட்டதா, காட்டு ஈயா என்று அறியலாம். பறக்கவிடுமுன் ஆண் ஈக்களுக்கு இஞ்சி எண்ணெயின் ஆவியைக் காட்டுகின்றனர். அந்த மணத்தை முகர்ந்த மாப்பிள்ளைகளைப் பெண் ஈக்கள் கூடுதலாக விரும்புகின்றனவாம்! நம் அடுக்களை இஞ்சிக்கு இப்படியும் ஒரு பயன்.

பெண்களைப் பிரிப்பது எங்ஙனம்?

இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. தொழிற்சாலையில் பிறப்பவற்றுள் பாதி பெண். பெண் ஈக்கள் மலடானாலும் பழத்தைத் துளைக்கும் வழக்கத்தை விடுவதில்லை. முட்டை பொரியாவிடினும் துளை துளைதானே? அதன் வழியே அழுகல் நுழையும். மேலும், உடன் விடப்பட்ட மலட்டுப் பெண்களோடே மலட்டு ஆண்கள் பொழுதைக் கழித்துவிட்டால், காட்டுப் பெண்களைத் தேடிப் போவது யார்? ஆண்களை மட்டும் விட்டால் பயன் மூன்று முதல் ஐந்து மடங்கு பெருகும் என்று குவாத்தமாலாவின் காப்பித் தோட்டங்களில் நிகழ்ந்த சோதனைகள் காட்டின.

ஆனால் கோடிக்கணக்கான புழுக்களுள் ஆணையும் பெண்ணையும் கையால் பொறுக்கிப் பிரிக்க இயலுமா? இங்கேதான் மரபியல் உதவிக்கு வருகிறது. அகுஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டல், புரூண் நகரத்து மடத்தின் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஒட்டிக் கலந்து, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்குச் செல்லும் ஒழுங்கை 1866-இல் எழுதி வெளியிட்டார் என்பதை நம் வாசகர் பலர் பள்ளியிலேயே படித்திருப்பர். ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு பிரதிகள் உண்டு. சில பண்புகள் இரு பிரதியும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் என்பது அவர் கண்டது. பழ ஈயிலும் அதே ஒழுங்குதான்.

மத்தியதரைக்கடல் பழ ஈயின் கூட்டுப்புழு இயல்பாகப் பழுப்பு நிறமானது. ஆராய்ச்சிக் கூடங்களில் வளர்ந்த ஈக்களிடையே வெள்ளைக் கூட்டுப்புழுக்கள் சில தோன்றின. நிறத்துக்குரிய மரபணுவின் இரு பிரதியும் பழுதானவை அவை. பின்னர், முட்டைப் பருவத்தில் சூடு பட்டால் இறந்துவிடும் மற்றொரு பழுதும் கிடைத்தது. இரண்டும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தது நற்பேறு. வியன்னாவுக்கு அருகே சைபர்ஸ்டார்ஃபில், உலக உணவு வேளாண்மை நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகமையும் கூட்டாக நடத்தும் ஆய்வுக்கூடம் இவற்றைக் கொண்டு ஓர் அரிய இனத்தை உருவாக்கியது. பழுதற்ற நல்ல பிரதியைத் தாங்கிய குரோமோசோம் துண்டைக் கதிர்வீச்சால் உடைத்து, ஆணுக்கு மட்டுமே உரிய ஒய் குரோமோசோமோடு ஒட்டவைத்தனர். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கே செல்லும், மகளுக்குச் செல்லாது. ஆகவே ஆண்கள் யாவும் நல்ல பிரதி பெற்றுப் பழுப்பாயின, சூட்டையும் தாங்கின. பெண்கள் யாவும் வெள்ளையாயின. முட்டைகளை 34 பாகைச் சூட்டில் ஒரு நாள் வைத்தால் மடிந்தன. பெண் முட்டையிலேயே அழிவதால் அதற்கு ஊட்டும் தீனியும் மிச்சம்.

இந்த வியன்னா இனங்களே இன்று உலகின் பெரும்பாலான மத்தியதரைக்கடல் பழ ஈத் தொழிற்சாலைகளில் வளர்கின்றன. ஆயினும் அவற்றுக்குக் குறையுண்டு. குரோமோசோம் உடைந்து ஒட்டியதால் அவற்றின் சந்ததியில் ஏறத்தாழப் பாதி பிறவாமலே போகிறது. அதனினும் பெரிய குறை, இது ஓர் இனத்துக்கு மட்டுமே கிடைத்த பேறு என்பதாகும். தற்செயலாக ஒரு வெள்ளைப் புழு தோன்ற வேண்டும். சூடு தாங்காத பழுது ஒன்று கிட்ட வேண்டும். இரண்டும் ஒரே குரோமோசோமில் அமைய வேண்டும். மத்தியதரைக்கடல் பழ ஈக்கு இவை அனைத்தும் கைகூடப் பல ஆண்டுகள் கழிந்தன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பழ ஈக்கு இவ்வாய்ப்பு வாய்க்காததால், அங்கே ஆண் பெண் இரண்டையும் சேர்த்தே மலடாக்கிப் பறக்கவிட நேர்ந்தது. வெள்ளை நிறத்துக்குக் காரணமான மரபணு எது என்று தெரிந்திருந்தால் எந்த இனத்திலும் அதை வேண்டுமென்றே பழுதாக்கலாமே! பழுதின் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. பழுது எங்கே என்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புலப்படவேயில்லை.

48 கோடி எழுத்துகள்

உயிர் ஒவ்வொன்றின் உயிரணுவிலும் அதன் பரம்பரைக் குறிப்பு முழுதும் டி.என்.ஏ. என்ற இழையில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. இக்குறிப்பு முழுவதையும் மரபணுத்தொகுதி என்கிறோம். அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு டிரோசோபிலா ஈயின் மரபணுத்தொகுதி 2000-ஆம் ஆண்டிலேயே வாசிக்கப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் அதனையும் பழ ஈ என்றே அழைப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. உண்மையில் அது பழுத்துக் கெட்டதை நாடுவது, இதுவோ நல்ல பழத்தைக் கெடுப்பது.

மத்தியதரைக்கடல் பழ ஈயின் ஏடு 2016 செப்டம்பரில் வெளியாயிற்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடம் அதை வாசிக்க, பல நாட்டு அறிஞர்கள் கூடிப் பொருள் கண்டனர். ஐயாயிரம் பூச்சியினங்களின் மரபணுத்தொகுதிகளை வாசிப்பதென்ற பெருந்திட்டத்தின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று. ஏட்டின் நீளம் ஏறத்தாழ 48 கோடி எழுத்துகள். அதில் அடங்கிய மரபணுக்கள் சுமார் 14,000.

வாசிப்பது என்றால் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை படிப்பதன்று. செல்லரித்த ஓலைச்சுவடி ஒன்றின் பல பிரதிகளைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கொட்டி, ஒரு துண்டின் கடைசிச் சொற்களும் மற்றொன்றின் முதற்சொற்களும் ஒத்திருப்பதைப் பார்த்துப் பார்த்துக் கோப்பது போன்றது அது. கணிப்பொறி இன்றேல் இது மனிதரால் ஆகாது. ஒரே சொற்றொடர் ஆயிரம் முறை திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் கணிப்பொறியும் திகைத்துவிடும். ஒய் குரோமோசோம் அத்தகைய பகுதி.

கோத்து முடித்தபின் வெளிப்பட்டவை பல. மணத்தை உணரும் மரபணுக்கள், நஞ்சைச் சிதைத்து வெளியேற்றும் மரபணுக்கள், மேற்தோலை அமைக்கும் மரபணுக்கள் ஆகியவை இந்த ஈயிடம் பெருகிக் கிடந்தன. 250 வகைப் பழங்களை முகர்ந்து கண்டுபிடிப்பதும், ஒவ்வொரு பழத்தின் காரத்தையும் புளிப்பையும் சீரணிப்பதும், ஆப்பிரிக்கா முதல் ஹவாய்வரை எங்கும் பிழைப்பதும் எதனால் என்பதற்கு ஓரளவு விடை இங்கே உண்டு. பழத்தின் நஞ்சைச் சிதைக்கக் கற்ற குடும்பத்து மரபணுக்களே பூச்சிக்கொல்லியையும் சிதைக்கப் பயன்படும் என்பதால், மருந்து ஏன் தோற்கிறது என்று ஆராய்வோர்க்கும் இவ்வேடு கைவிளக்காயிற்று.

வெள்ளைப் புழுவின் இரகசியம்

2021-இல் ஆஸ்திரேலியா, ஜெர்மனி, ஆஸ்திரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அறிஞர்கள் கூட்டாக முயன்று, நீண்ட நாள் தேடிய வெள்ளை நிற மரபணுவைக் கண்டுபிடித்தனர். அவர்கள் கையாண்ட உத்தி எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. வெள்ளைக் கூட்டுப்புழு உடைய கீழ்த்திசைப் பழ ஈயை ஆஸ்திரேலியப் பழ ஈயோடு கலந்தனர். பிறந்தவற்றை மீண்டும் மீண்டும் ஆஸ்திரேலிய இனத்தோடே சேர்த்து, ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பண்பு தொடர்வதை மட்டும் தேர்ந்தனர். சில தலைமுறைகளில் ஈ முழுதும் ஆஸ்திரேலிய ஈயாகவே மாறிற்று. வெள்ளை நிறத்தைத் தரும் துண்டு மட்டும் கீழ்த்திசை ஈயினுடையதாக எஞ்சிற்று. பச்சைச் சேலையில் ஓடும் ஒற்றைச் சிவப்பு நூலைக் கண்டுபிடிப்பது கடினமா? ஆனால் பச்சை எது, சிவப்பு எது என்று சொல்ல இரு இனங்களின் முழு ஏடும் கையில் இருக்க வேண்டும். இருந்தது, கண்டனர்.

அந்நூலில் ஒரு மரபணு 37 எழுத்துகளை இழந்து பழுதாகிக் கிடந்தது. உயிரணுவின் சவ்வு வழியே பொருள்களைக் கடத்தும் புரதம் ஒன்றை ஆக்குவது அதன் வேலை. மத்தியதரைக்கடல் பழ ஈயின் வெள்ளை இனத்தைத் தேடியபோது, அதிலும் அதே மரபணுவே பழுதாகியிருந்தது. ஆனால் அங்கே எழுத்துகள் குறையவில்லை, வேண்டாத நீண்ட பகுதி ஒன்று இடையில் நுழைந்திருந்தது. பூசணி ஈயின் வெள்ளை இனத்திலும் அதே மரபணுதான் கெட்டிருந்தது. மூன்று இனங்கள், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில், ஒரே இடத்தில் பழுதாகியிருந்தமை ஆய்வாளரையே வியக்கச் செய்தது. கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியைக் கொண்டு, நலமாயிருந்த மத்தியதரைக்கடல் ஈயிலும் ஆஸ்திரேலிய ஈயிலும் அந்த மரபணுவை வெட்டிப் பார்த்தனர். கூட்டுப்புழுக்கள் வெள்ளையாகவே பிறந்தன. ஐயம் தீர்ந்தது.

இதற்கு இரண்டாண்டுகட்கு முன், 2019-இல், இத்தாலியின் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்து ஜூசெப்பே சக்கோனேயும் அவர் தோழர்களும் ஒய் குரோமோசோமின் புதரிலிருந்து வேறொரு மணியை எடுத்தனர். முட்டை இடப்பட்ட சில மணி நேரத்துள் விழித்தெழுந்து, “இது ஆணாகுக” என்று ஆணையிடும் சின்னஞ்சிறு மரபணு அது. அதை அடக்கினால், ஆணாக வேண்டியது பெண்ணாகப் பிறக்கிறது. பெண்ணாக வேண்டியதற்கு அதை அளித்தால் ஆணாகிறது. அவ்வாறு மாறிய பெண்களும் ஆண்களும் கூடி மக்களையும் பெற்றன. ஒலிவப் பழத்தைக் கெடுக்கும் ஈயிலும், நம் கீழ்த்திசை ஈயிலும் அதே மரபணு அதே வேலையைச் செய்கிறது. பெண்களைக் கொன்று ஆண்களை எடுப்பதற்குப் பதிலாக, பிறப்பவை அனைத்தையும் ஆணாகவே பிறக்கச் செய்யும் வழி இதனால் திறக்கலாம்.

திறக்கலாம் என்றே சொல்கிறோம். திறந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் சில நூறு ஈக்களில் இயலுவது, வாரத்துக்கு நூறு கோடி ஈக்களை ஆக்கும் ஆலையில் தலைமுறைதோறும் பிசகாமல் நடைபெற வேண்டும். மரபணு திருத்திய பூச்சியை வெட்டவெளியில் விடுவதற்கு அரசுகளின் அனுமதி வேண்டும். மக்களின் இசைவும் வேண்டும். அவ்விசைவைக் கேட்காமல் வானிலிருந்து எதையேனும் கொட்டினால் என்ன நேரும் என்பதற்குக் கலிபோர்னியாவே சான்று. வானிலிருந்து விழுவது மருந்தாயினும் ஈயாயினும், தங்கள் தலைக்குமேல் நடப்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டு என்பதே நம் கருத்து. விடப்படுவது தனக்குச் சந்ததியற்ற மலட்டு ஈ என்பது இம்முறைக்குச் சாதகமானது. அது ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். தானே பெருகிப் பரவும்படி திருத்திய பூச்சிகளைப் பற்றிய வாதம் வேறு. அதை இதனோடு கலந்து பேசுவோர் இருபுறத்திலும் உண்டு.

அடையாளம் காண்பதில் ஒரு குழப்பம்

ஏடு வாசிப்பதால் விளையும் மற்றொரு பயன், எதிரி யார் என்று ஐயமறத் தெரிந்துகொள்வது. 2003-இல் கென்யாவில் மாம்பழங்களைத் துளைத்த புதிய ஈ ஒன்று அகப்பட்டது. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியை அது சூழ்ந்துகொண்டது. எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள், இலங்கையிலும் அதே ஈ இருப்பதைக் கண்டனர்; 2005-இல் ‘படையெடுக்கும் ஈ’ என்று பொருள்படும் புதுப்பெயரிட்டு, தனி இனமாகவே அறிவித்தனர். தனி இனம் என்றால் தனித் தடைகள், தனிச் சோதனைகள், விற்க முடியாத பழங்கள். பல்லாண்டு ஆராய்ச்சிக்குப் பின், உருவம், கலப்பு, மரபணு ஆகிய எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 2015-இல், இது வேறெதுவுமன்று, பழைய கீழ்த்திசைப் பழ ஈயே என்று தீர்ப்புக் கூறப்பட்டது. நம் தோட்டத்துப் பழைய அறிமுகம்தான், வெளிநாட்டில் வேறு பெயரோடு உலவியிருக்கிறது!

அந்தப் பழைய அறிமுகத்தைப் பிடிக்கும் வழி ஒன்றும் இந்திய மண்ணில் பிறந்ததே. பீகார் மாநிலத்துப் பூசாவில் அரசினரின் பூச்சியியல் அறிஞராயிருந்த ஹவ்லெட் என்பவர், எலுமிச்சைப் புல் இனத்துச் சிட்ரோனெல்லா எண்ணெயின் வாசனைக்குப் பழ ஈக்கள் கூட்டமாக வருவதையும், வந்தவை யாவும் ஆண்களே என்பதையும் 1912-இல் எழுதினார். அவற்றை இழுக்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. நம் துளசியிலும் அப்பொருள் உண்டு. மரபணு ஏடும் கதிர்வீச்சு ஆலையும் இல்லாத நம் மாந்தோப்புகளில், இன்றும் கிளைக்குக் கிளை தொங்கும் பிளாஸ்டிக் டப்பாவில் அந்த மருந்து தோய்ந்த கட்டையைத்தான் வைக்கின்றனர். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து, செத்துக் கிடக்கும் ஆண் ஈக்களைக் கொட்டிவிட்டு, விழுந்த பழங்களைப் பொறுக்கி ஆழக் குழிதோண்டிப் புதைக்கின்றனர்.